லத்தீன் சொல்லுக்குள் கிரேக்கம்: எழுத்தே காட்டிக்கொடுக்கும்

லத்தீனில் மாகினா என்றால் பொறி. மேகனிகுஸ் என்றால் பொறி செய்பவன். இரண்டும் ஒரே கிரேக்க வேரிலிருந்து வந்தவை. ஆனால் ஒன்று 'மா'வில் தொடங்குகிறது, மற்றது 'மே'யில். ஒன்றின் நடுவில் 'கி', மற்றதில் 'க'. அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் எதிரே 'கிரேக்கத்திலிருந்து' என்ற ஒரே குறிப்புதான் இருக்கும். அந்தக் குறிப்பு பாதி உண்மைதான். எந்த ஊர்க் கிரேக்கரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது, காதால் கேட்டு வாங்கியதா ஏட்டைப் பார்த்து எழுதியதா என்பதெல்லாம் சொல்லின் எழுத்திலேயே பதிந்திருக்கிறது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புது விஷயமே அல்ல. 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்று தொல்காப்பியம் சொல்வதும், நன்னூல் வழியில் நாம் தற்சமம், தற்பவம் என்று பிரிப்பதும் இதே வேலைதான். கமலம் அப்படியே வந்தது, பங்கஜம் பங்கயமானது. லத்தீனுக்குள் வந்த கிரேக்கச் சொற்களையும் இப்படி இரண்டாகப் பிரித்துக்கொண்டால் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தொடங்கும் முன் எழுத்துப்பெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை. எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு நம்மிடம் இருப்பதால், கிரேக்கத்தின் குறில் நெடில்களை ஆங்கிலத்தைவிடத் தமிழில் துல்லியமாகக் காட்ட முடிகிறது. வல்லினத்தில்தான் சிக்கல். கங்கையின் முதல் ஒலியும் கண்ணின் முதல் ஒலியும் நமக்கு ஒரே எழுத்து. அந்த வேறுபாடு முக்கியமாகும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன். மூச்சொலி சேர்ந்த கிரேக்க எழுத்துகளை ப்ஹ, த்ஹ என்று எழுதியிருக்கிறேன். சொல்லிறுதியில் வரும் 'ஆ' லத்தீனில் பெரும்பாலும் குறில்தான். கண்ணுக்குப் பழகிய வடிவம் என்பதால் நீட்டியிருக்கிறேன்.

முதலில் வாய்வழி வந்தவை. ரோமானியர்கள் முதலில் பழகிய கிரேக்கர்கள் ஏதென்ஸ்காரர்கள் அல்லர். தெற்கு இத்தாலியிலும் சிசிலியிலும் குடியேறியவர்கள்; கூமே, தாரெந்தும், சிரக்யூஸ் போன்ற நகரங்களில் இருந்தவர்கள். இவர்களில் தாரெந்தும், சிரக்யூஸ் மக்கள் பேசியது டோரிய வட்டார வழக்கு. ஏதென்ஸின் அட்டிக் வழக்கில் மேகனே எனப்படும் சொல் டோரியத்தில் மாகனா. லத்தீன் வாங்கியது இந்த மாகனாவைத்தான். மேகனிகுஸ் பின்னாளில் புத்தகக் கிரேக்கம் வழியாக வந்தது, அதனால்தான் அதில் 'மே'. ஆப்பிளுக்கான சொல்லும் இப்படியே: அட்டிக்கில் மேலொன், டோரியத்தில் மாலொன், லத்தீனில் மாலும். ஆகவே லத்தீனில் 'ஆ' இருந்து, அட்டிக் அகராதியில் அதே இடத்தில் 'ஏ' இருந்தால், அந்தச் சொல் பெரும்பாலும் தெற்கு இத்தாலி வழியாக வந்திருக்கும்.

இன்னும் பழைய தடயம் ஒன்று உண்டு. கிரேக்கத்தில் ஒரு காலத்தில் 'வ' ஒலி இருந்தது. பல வழக்குகளில் அது பின்னர் மறைந்துவிட்டது. ஆலிவ் மரத்துக்கு அட்டிக் சொல் எலாயா. பழைய வடிவம் எலைவா. லத்தீனில் ஒலீவா! கிரேக்கர்களே தொலைத்துவிட்ட வகரத்தை லத்தீன் பத்திரமாக வைத்திருக்கிறது. அகைவொய் என்ற பழைய கிரேக்க இனப்பெயர் லத்தீனில் அகீவீ ஆனதும் அப்படியே. எண்ணெய்க்கான ஒலெயும் அதே எலைவொன்தான். ஆனால் அதில் வகரம் லத்தீனுக்குள் வந்தபின் 'ஒ' ஒலிக்கு முன்னால் கரைந்துவிட்டது. ஒரே குடும்பத்தின் இரண்டு சொற்களில் ஒன்று வகரத்தைக் காத்தது, ஒன்று இழந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் தனித்தனியே ஆராய்ந்தால் வழி தவறிப்போகும்.

அடுத்து உயிரெழுத்துத் தேய்வு. பழைய லத்தீனில் அழுத்தம் சொல்லின் முதல் அசையில் விழுந்தது. அதனால் நடு அசையில் இருந்த குறில்கள் நைந்தன. நைந்த விதம் ஒழுங்கானது. அசை திறந்திருந்தால் 'இ' ஆகும்: மாகனா மாகினா ஆனது, தராசைக் குறிக்கும் த்ருதனே த்ருதினா ஆனது. ரகரத்துக்கு முன்னால் 'எ' ஆகும்: கமரா, கமெரா. லகரத்துக்கு முன்னால் 'உ' ஆகும்: க்ரைபலே, க்ராபுலா. பின்னால் இரண்டு மெய்கள் நின்றால் 'எ' ஆகும்: தலந்தொன், தலெந்தும். சில நேரம் நைந்த உயிர் முழுதும் உதிர்ந்தே போகும். குளியலறையைக் குறித்த பலனெயொன் முதலில் பலினெயும் ஆகி, பிறகு பல்னெயும் ஆனது. இந்தத் தேய்வு நடந்து முடிந்தபின் வந்த சொற்களில் நடு அகரம் அசையாமல் நிற்கும்: கித்ஹரா, ப்லதனுஸ், ஒர்கனும். ஒரு எச்சரிக்கை, தேய்வு இருந்தால் பழைய சொல் என்று உறுதியாகச் சொல்லலாம். தேய்வு இல்லை என்பதை மட்டும் வைத்துப் புதிய சொல் என்று தீர்ப்பெழுதக் கூடாது. பர்பருஸ் பழைய சொல்தான். முன்னசையில் நிற்கும் ஒத்த அகரம் அதன் நடு அகரத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறது.

மெய்யெழுத்துக்கு வருவோம். தமிழ்க் காது உடனே புரிந்துகொள்ளும் பகுதி இதுதான். கிரேக்கத்தில் மூச்சொலி சேர்ந்த மூன்று வல்லொலிகள் இருந்தன. லத்தீனில் அவை இல்லை. எனவே பழைய ரோமானியர் செய்தது நாம் பலம், தனம், கனம் என்ற சொற்களில் செய்ததேதான்: மூச்சைக் கழற்றிவிட்டு வல்லொலியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பொர்ப்ஹுரா என்ற ஊதாச் சாயம் புர்புரா ஆனது. ப்ஹைனொலேஸ் என்ற மேலங்கி பைனுலா ஆனது. இரு கைப்பிடிகொண்ட பெரிய சாடி அம்ப்ஹொரா என்பதைப் படித்தவர்கள் பிற்பாடு 'எச்' சேர்த்து எழுதத் தொடங்கினார்கள். ஆனால் அதற்கு முன்பே சின்னச் சாடிக்குப் பிறந்துவிட்ட அம்புல்லா என்ற குறுமைப்பெயருக்குள் பழைய உச்சரிப்பு மாட்டிக்கொண்டது. மருந்துக்குப்பியை நாம் இன்று ஆம்பூல் என்கிறோமே, அதில் 'எச்' இல்லாததற்குக் காரணம் இதுதான்.

மெய்ம்மயக்கம் ஒத்துவராத இடத்தில் உயிர் நுழைவதும் நம் வழக்கமே. பத்மம் பதுமமானது, ரத்னம் இரத்தினமானது. அப்படியே ம்னா என்ற நாணய எடை மினா ஆனது, த்ரக்மே பழைய லத்தீனில் த்ரகுமா ஆனது. பின்னவர்கள் த்ரக்மா என்று திருத்திக்கொண்டார்கள்; மினா திருந்தவில்லை.

கங்கையின் முதல் ஒலி இங்கே வருகிறது. கப்பலைச் செலுத்துவதற்கான கிரேக்கச் சொல் குபெர்னான், இது கண்ணின் ககரம். லத்தீனில் குபெர்னாரே, இது கங்கையின் ககரம். ஆங்கிலத்தில் ஆளுநருக்கு வழங்கும் கவர்னர் இந்த லத்தீன் வடிவத்தின் வாரிசு. சைபர்நெட்டிக்ஸ் என்பதோ 20ஆம் நூற்றாண்டில் நேரே கிரேக்கத்திலிருந்து எடுத்தது, அதனால் அங்கே மூல ஒலி தப்பியது. எபிரஸ் மன்னன் பிர்ருஸின் பெயரைக் கவிஞர் என்னியுஸ் எப்போதும் 'புர்ருஸ்' என்றே எழுதினார் என்று கிமு 46இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ குறித்து வைத்திருக்கிறார். அங்கேயும் வல்லொலி இப்படி மெலிந்ததுதான்.

சில சொற்கள் நேராக வரவில்லை. நடுவில், ரோமுக்கு வடக்கே வாழ்ந்த எத்ருஸ்கர் வாயில் புகுந்து வந்தன. எத்ருஸ்க மொழியில் வல்லொலிகளுக்கு மெலிந்த இணை கிடையாது. அந்த வகையில் நம் எழுத்தைப் போல. கூடையைக் குறித்த கிரேக்கச் சொல்லின் இரண்டாம் வேற்றுமை வடிவம் ஸ்புரிதா, அதிலுள்ள தகரம் 'தயை'யின் மெலிந்த தகரம். லத்தீனில் வந்து சேர்ந்தபோது ஸ்பொர்தா, இங்கே 'தலை'யின் வன்மையான தகரம். நில அளவைக் கருவியான க்ரோமா, கிரேக்கத்தின் க்னோமோன் குடும்பத்திலிருந்து இதே வழியில் வந்தது. கனுமேதேஸ் என்ற புராணப் பெயர் கதமீதுஸ் என்று அடையாளம் தெரியாமல் போனதும் இப்படித்தான். கிரேக்க மூலத்தோடு ஒலி ஒழுங்காகப் பொருந்தாமல், குறிப்பாக மெலிந்த ஒலி வன்மையாக மாறியிருந்தால், எத்ருஸ்க இடைத்தரகரைச் சந்தேகிக்கலாம்.

இனி ஏட்டுவழி. இது எப்போது தொடங்கியது என்பதற்குக் கல்லிலும் செம்பிலும் சான்று உண்டு. கிமு 186இல் பாக்கஸ் வழிபாட்டுக் கூட்டங்களை ஒடுக்க ரோமானியச் செனட் போட்ட ஆணை வெண்கலத் தகட்டில் கிடைத்திருக்கிறது. இப்போது வியன்னாவில் இருக்கிறது. அதில் 'பகனல்' என்பதில் 'எச்' இல்லை, ககர இரட்டிப்பும் இல்லை. கிமு 146இல் கொரிந்து நகரை அழித்த தளபதி மும்மியுஸின் வெற்றிக் கல்வெட்டு ஒருசில ஆண்டுகளுக்குள் வெட்டப்பட்டது. அதில் அகாயா என்ற பெயருக்கு 'எச்' உண்டு, வெற்றி ஊர்வலத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் உண்டு, ஆனால் கொரிந்துக்கு இல்லை! ஒரே கல்லில் இரண்டு வழக்கு. மாற்றம் நடந்துகொண்டிருந்த நேரத்தைக் கையும் களவுமாகப் பிடித்த கல் அது.

அதன்பின் சி, பி, டி ஆகிய எழுத்துகளோடு எச் சேர்த்து எழுதுவது படித்தவர் வழக்கமாயிற்று. அப்போது இந்த 'பி-எச்' ஃபகரம் அல்ல, மூச்சோடு கூடிய பகரம்தான். ஃபிலொசொஃபியா என்று வாசிப்பது பிற்கால உச்சரிப்பு. கிமு முதல் நூற்றாண்டில் இன்னொரு படி: ஒய், இசட் என்ற இரண்டு எழுத்துகளைக் கிரேக்கச் சொற்களுக்காகவே இறக்குமதி செய்து நெடுங்கணக்கின் கடைசியில் ஒட்டினார்கள். இசட் புதியதல்ல. மிகப் பழைய ரோமானிய நெடுங்கணக்கில் ஏழாம் இடத்தில் இருந்தது, பயன் இல்லாமல் கைவிடப்பட்டது. அந்த இடத்தில் ஜி வந்து உட்கார்ந்துகொண்டது. திரும்பி வந்தபோது வால் பக்கம்தான் இடம் கிடைத்தது. ஜ, ஷ, ஸ, ஹ நம் நெடுங்கணக்கின் ஓரத்தில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்த இரண்டு எழுத்துகளும் கால அளவுகோல்கள். இசட் வருவதற்கு முன் அந்த ஒலியைச் சொல்முதலில் ஒரு சகரத்தாலும், நடுவில் இரட்டைச் சகரத்தாலும் ஈடுகட்டினார்கள். மாட்ஸா என்ற வாற்கோதுமை அடை மஸ்ஸா ஆனது. 'இட்ஸோ' என முடியும் கிரேக்க வினைகள் ப்லௌதுஸின் நாடகங்களில் 'இஸ்ஸாரே' என முடிகின்றன. கிரேக்கனைப்போல் நடப்பது க்ரைகிஸ்ஸாரே. கிறிஸ்தவ காலத்தில் வந்த பப்திட்ஸாரேயில் இசட் நேராகவே நிற்கிறது. அதேபோல் இப்போது ஒய் நிற்கும் இடத்தில் பழையவர்கள் உகரத்தை எழுதினார்கள்: புர்புரா, குபெர்னாரே.

இங்கே பலரும் வழுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. எழுத்து சொல்லின் வயதைக் காட்டுகிறது என்று எடுத்துக்கொண்டால் சில சொற்களில் ஏமாந்துபோவோம். எழுத்து முதலில் காட்டுவது வழியை. படித்தவர்கள் ஒய்யும் எச்சும் போட்டு எழுதிக்கொண்டிருந்த நூற்றாண்டுகளிலும் தெருவில் பேசியவர்கள் பழைய முறையிலேயே கிரேக்கச் சொற்களை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கான சாட்சி இத்தாலிய மொழி. நிலவறையைக் குறிக்கும் க்ரிப்தா ஏட்டில் ஒய்யோடு இருந்தது, தெருவில் க்ருப்தா. அந்தத் தெருச் சொல்தான் இத்தாலியத்தில் க்ரொத்தா. தண்டு என்ற பொருள்கொண்ட த்ஹிர்ஸுஸ் தொர்ஸோ ஆனது. தோலைக் குறித்த பிர்ஸா, புர்ஸா ஆகிப் பணப்பையாக மாறி போர்ஸா ஆனது. கன்னத்தில் விடும் அறைக்கான கொலப்ஹுஸ் கொல்போ ஆனது. பிரெஞ்சில் தேய்ந்து தேய்ந்து 'கூ' என்ற ஒற்றை அசையாக நிற்கிறது.

இன்னொரு சறுக்கல் கையெழுத்துப் பிரதிகளில். ப்லௌதுஸ் கிமு 200 வாக்கில் எழுதியவர், ஆனால் நம் கைக்கு வந்த பிரதிகளில் ஒய்யும் எச்சும் தாராளமாக இருக்கும். படியெடுத்தவர்கள் தங்கள் காலத்து எழுத்துக்குத் திருத்திவிட்டார்கள். எழுத்தைச் சான்றாகக் காட்ட வேண்டுமானால் கல்வெட்டு, செப்பேடு, அல்லது யாப்பு கட்டாயப்படுத்தும் இடம். இவற்றைத்தான் நம்பலாம்.

புது எழுத்து கிடைத்ததும் அதைத் தேவையில்லாத இடத்திலும் போட்டுப் பார்க்கும் ஆசை எந்த மொழிக்காரரையும் விடாது. புல்கெர், அதாவது அழகான, சுத்தமான லத்தீன் சொல். அதில் எச் ஒட்டிக்கொண்டு இன்றுவரை போகவில்லை. கல்லறையைக் குறிக்கும் செபுல்க்ரும் என்பதிலும் பலர் எச் போட்டார்கள். தாமே முன்பு புல்கெரையும் வெற்றி ஊர்வலச் சொல்லையும் கார்த்தேஜையும் எச் இல்லாமல்தான் சொல்லிவந்ததாகவும், பிறகு மக்கள் காதுக்கு விட்டுக்கொடுத்துவிட்டதாகவும் சிசரோ ஒப்புக்கொள்கிறார். 'கொம்மொதா' என்ற உள்நாட்டுச் சொல்லுக்குக்கூட மூச்சுவிட்டுப் பேசிய அர்ரியுஸ் என்பவனைக் கேலிசெய்து கதுல்லுஸ் ஒரு கவிதையே எழுதினார். இடைக்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். காட்டைக் குறிக்கும் சில்வாவுக்கும் கண்ணீரைக் குறிக்கும் லக்ரிமாவுக்கும் ஒய் முளைத்தது. எழுத்தாணி என்ற ஸ்திலுஸ், கிரேக்கத்தில் தூணைக் குறிக்கும் ஸ்தூலொஸ் என்ற சொல்லோடு குழம்பி ஒய் வாங்கிக்கொண்டது. ஆங்கிலத்தின் 'ஸ்டைல்' அந்தப் பிழையைத்தான் சுமக்கிறது. ஒய்யைக் கண்டதும் கிரேக்கம் என்று முடிவுகட்டுபவர்களுக்காகவே இந்தச் சொற்கள் காத்திருக்கின்றன.

கடன் வேறு, உறவு வேறு. லத்தீனும் கிரேக்கமும் ஒரே மூதாய் மொழியின் பிள்ளைகள். பதெர், பதேர் என்று இரண்டிலும் தந்தைக்கு ஒரே மாதிரி சொல் இருப்பது கடன் அல்ல, உடன்பிறப்பு. இரண்டையும் பிரிக்க ஒலி இணைகளே கருவி. உடன்பிறந்த சொற்களில் கிரேக்கச் சொல்முதல் ப்ஹ லத்தீனில் ஃப ஆகும்: ப்ஹெரோ, ஃபெரோ. கிரேக்கச் சொல்முதல் ஹகரம் லத்தீனில் சகரமாகும்: ஹெப்தா, செப்தெம்; ஹுபெர், சுபெர். கடனில் இப்படி நடக்காது. ஹோரா, ஹிஸ்தொரியா ஹகரத்தோடே வந்தன.

ஒரே வேரிலிருந்து மூன்று வகையும் கிடைக்கும் அழகான எடுத்துக்காட்டு புகை. கிரேக்கத்தில் உள்ளத்தையும் உணர்ச்சியையும் குறித்த த்ஹூமொஸ், லத்தீனில் புகையைக் குறிக்கும் ஃபூமுஸ்: உடன்பிறப்பு. தீயிலிட்டுப் பலிகொடுப்பது தொடர்பான த்ஹுஒஸ், லத்தீனில் தூஸ், அதாவது சாம்பிராணிபோல் எரிக்கும் நறும்பிசின். எச் இல்லை, உகரம் இருக்கிறது: பழைய வாய்வழிக் கடன். பிற்காலத்தில் வந்த த்ஹிமியாமா என்ற நறும்புகைச் சொல்லுக்கு எச்சும் உண்டு, ஒய்யும் உண்டு: ஏட்டுவழிக் கடன். சமஸ்கிருதத்தில் இதே குடும்பத்துப் பிள்ளைதான் நாம் மூச்சைக் கழற்றி எடுத்துக்கொண்ட தூமம்.

ஒலி ஒற்றுமை ஏமாற்றவும் செய்யும். கடவுளுக்குக் கிரேக்கம் த்ஹெஒஸ், லத்தீன் தெயுஸ். காதில் கிட்டத்தட்ட ஒன்றாகவே விழும், ஆனால் உறவும் இல்லை, கடனும் இல்லை. தெயுஸுக்கு உண்மையான கிரேக்க உடன்பிறப்பு ஜீயஸ். மூன்றாவது ஒரு வகையும் இருக்கிறது. ரோசாப்பூ போன்ற சில பொருட்பெயர்களை இரு மொழிகளும் வேறெங்கிருந்தோ தனித்தனியே எடுத்திருக்கலாம். அகராதி அங்கே தயங்கினால் நாமும் தயங்குவதே நல்லது.

வேற்றுமை உருபு ஏற்கும் விதத்தில் படிப்பவர்களைத் திணறடிப்பவை சில. கிரேக்கத்தில் 'தேஸ்' என முடியும் ஆண்பால் பெயர்கள் லத்தீனில் 'தா' ஆகும்: பொயேதேஸ், பொயேதா. உருவத்தைப் பார்த்துப் பெண்பால் என்று எண்ணி அடைமொழியைப் பெண்பாலில் போடுவது வழக்கமான தவறு. 'மா' என முடியும் பொயேமா, ப்ரொப்லேமா, தொக்மா எல்லாம் அஃறிணைப் பால், உருபேற்கும்போது நடுவில் 'மத்' வரும்: பொயேமதிஸ். பன்மை நான்காம் வேற்றுமையில் விதிப்படி பொயேமதிபுஸ் வரவேண்டும். ஆனால் சிசரோ எழுதுவது பொயேமதீஸ். அது பிழையல்ல, நல்ல வழக்கு.

சிங்கம், பாம்பு இரண்டும் தந்திரமானவை. கிரேக்கத்தில் லெயோன், ஆறாம் வேற்றுமையில் லெயொந்தொஸ், த்ரகோன், த்ரகொந்தொஸ். லத்தீன் அந்தத் தகரத்தைக் கைவிட்டு லெயோனிஸ், த்ரகோனிஸ் என்கிறது. ஆனால் ஸெனொஃபோன் என்ற ஆளின் பெயரில் தகரம் ஒழுங்காக நிற்கும். பழகிப்போன பழைய கடனில் லத்தீன் உருபு, படித்துத் தெரிந்த பெயரில் கிரேக்க உருபு என்று ஒருவாறு நினைவு வைத்துக்கொள்ளலாம். கவிஞர்களிடம் இதுவும் எடுபடாது. யாப்புக்கு எது ஒத்துவருகிறதோ அதைப் போடுவார்கள்.

சில சொற்களை எழுவாய் வடிவத்தில் தேடினால் கிடைக்காது. ரோமானியக் காதில் விழுந்தது 'அதைக் கொடு', 'இதை எடு' என்ற பேச்சு. அதாவது இரண்டாம் வேற்றுமை. அம்ப்ஹொரெயுஸ் என்பதன் இரண்டாம் வேற்றுமை அம்ப்ஹொரெயா, அதுதான் அம்ப்ஹொரா. அடையைக் குறித்த ப்லகூஸின் இரண்டாம் வேற்றுமை ப்லகூந்தா, அதுதான் ப்லகெந்தா. ஸ்பொர்தாவும் இந்த ரகம். ஆண்பாலாக இருந்தவை லத்தீனில் பெண்பாலாக மாறியதற்கும் காரணம் இந்த 'ஆ' முடிவுதான்.

ஆக, ஒரு சொல்லைக் கையில் எடுத்தால் இந்த வரிசையில் போவது நல்லது. முதலில் அது லத்தீனின் சொந்தச் சொல்லா என்று ஒலி இணைகளை வைத்துச் சோதிக்க வேண்டும். இல்லை என்றால் ஒய், இசட், எச் உண்டா என்று பார்த்து, அவை போலியாக ஒட்டியவை இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பிறகு நடு அசையில் தேய்வு, 'ஆ-ஏ' வேறுபாடு, வகரம். அதன்பின் எந்த வேற்றுமை வடிவம். பொருளைக் கடைசியில்தான் தொட வேண்டும். பொருளில் தொடங்குபவர்கள் தாங்கள் விரும்பிய வேருக்கே போய்ச் சேருவார்கள்.

பொருள், பயணத்தில் நிறையவே மாறியது. பொயினே கிரேக்கத்தில் கொலையுண்டவனின் சுற்றத்துக்குக் கொடுக்கும் ஈட்டுப்பணம். லத்தீனின் பொயினா கிமு 450 வாக்கில் எழுந்த பன்னிரு பலகைச் சட்டத்திலேயே இருக்கிறது. அடாவடி செய்தவனுக்கு 25 காசு பொயினா. அங்கிருந்து தண்டனை, பின் துன்பம். ஸ்தொமகொஸ் கிரேக்கத்தில் முதலில் தொண்டைக்குழல். லத்தீனில் வயிறு, கூடவே எரிச்சல், கோபம். ஸ்தொமகாரீ என்றால் வயிற்றெரிச்சல் படுவது என்று நாம் அப்படியே சொல்லிவிடலாம், எரிச்சல் பொறாமையால் அல்ல, சினத்தால் என்பது மட்டும் வேறுபாடு. நௌஸெயா கடற்பயணக் குமட்டல். நௌஸ் என்றால் கப்பல். ஸ்கொலே என்றால் ஓய்வு, பிறகு ஓய்வில் நடக்கும் உரையாடல், பிறகு பள்ளி. ரோமானியச் சிறுவர் பள்ளிக்கு இருந்த சொந்தச் சொல் லூதுஸ், அதற்கும் விளையாட்டு என்றே பொருள். மஸ்ஸா பிசைந்த அடையிலிருந்து எந்தக் கட்டியான திரளுக்கும் பொதுவானது. கமெரா வளைகூரை, பிறகு அறை. இருட்டறையில் ஒரு துளை வழியே உருவம் விழச்செய்த கருவிக்கு அந்தப் பெயர் போய், இப்போது எல்லோர் சட்டைப்பையிலும் கேமரா. ப்லகெந்தாவை 16ஆம் நூற்றாண்டு உடற்கூற்றியலார் நச்சுக்கொடியின் வட்டத் தட்டுக்குப் பெயராக வைத்தார்கள். பண்டைய லத்தீன் நூலில் அந்தச் சொல்லைக் கண்டு மகப்பேறு என்று மொழிபெயர்த்தால் ஒரு பலகாரம் வீணாகிவிடும்.

கிறிஸ்தவம் கொண்டுவந்த கடன்களில் வேறொரு விதமான மாற்றம். அவற்றில் பல, கிரேக்கத்தில் அன்றாடச் சொற்கள். அங்கெலொஸ் சாதாரணத் தூதன், மர்த்துஸ் சாட்சி, எக்லேஸியா ஊர்மக்கள் பேரவை, எபிஸ்கொபொஸ் மேற்பார்வையாளன். லத்தீனில் தூதனுக்கு நூன்தியுஸ், சாட்சிக்குத் தெஸ்திஸ் என்று முன்பே சொற்கள் இருந்தன. அவை உலகியலுக்கு நின்றன. வந்த சொற்கள் சமயத்துக்கு ஒதுங்கின. அதனால் ஒரே கிரேக்கச் சொல் நிற்கும் இடத்தில் லத்தீன் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு முறையும் வானவனா மனிதனா என்று முடிவெடுத்தாக வேண்டியிருந்தது. உவமைக் கதைக்கான பரபொலா மட்டும் எதிர்த்திசையில் ஓடியது. கோயிலிலிருந்து தெருவுக்கு இறங்கி வெறும் 'பேச்சு' ஆகி, ஸ்பானியத்தில் பலாப்ரா, இத்தாலியத்தில் பரோலா, பிரெஞ்சில் பேசுவதற்கான வினை எல்லாம் அதிலிருந்து கிளைத்தன. லத்தீனின் சொந்தச் சொல்லான வெர்பும் பின்னுக்குப் போனது.

கடன் வாங்காமல் பொருளைப் பெயர்த்து ஆக்கிய சொற்களும் உண்டு. 'எப்படிப்பட்டது' என்ற கேள்வியிலிருந்து கிரேக்கர் பொயொதேஸ் என்று ஆக்கியதைப் பார்த்துச் சிசரோ க்வாலிதாஸ் என்று ஆக்கினார். எல்லா முயற்சியும் இப்படி அமையவில்லை. இரண்டாம் வேற்றுமைக்குக் கிரேக்கர் வைத்த பெயர் 'விளைவுக்கு உரியது' என்ற கருத்தில். அதே வேரில் குற்றம் சாட்டுவதற்கான வினையும் இருந்ததால் லத்தீனில் அது 'குற்றஞ்சாட்டும் வேற்றுமை' ஆகிவிட்டது. அந்தப் பெயரே ஆங்கில இலக்கணம் வரை தொடர்கிறது. 'ஐ' என்ற உருபையே பெயராக வைத்த நம் இலக்கணிகள் இந்த வம்பில் மாட்டவில்லை. பேரரசர் திபேரியுஸுக்கோ கடன்சொல்லே ஆகாது. செனட்டில் மொனொபொலியும் என்ற சொல்லைச் சொல்லுமுன் மன்னிப்புக் கேட்டார், தீர்மானம் ஒன்றில் எம்ப்லேமா என்று வந்ததை எடுத்துவிட்டு உள்ளூர்ச் சொல்லோ சொற்றொடரோ போடச் சொன்னார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுயெதோனியுஸ் எழுதுகிறார். இரண்டு சொல்லும் இன்று பாதி உலகத்தில் வழங்குகின்றன.

கடைசியாகச் சோதித்துப் பார்க்க ஒரு சொல்: ட்ஸிங்கிபெர். முதல் எழுத்து இசட், ஆகவே ஏட்டுவழி. கிமு முதல் நூற்றாண்டுக்கு முந்திய எழுத்து அல்ல. நடு அசைகளில் லத்தீன் தேய்வு எதுவும் இல்லை. கிரேக்க வடிவம் ட்ஸிங்கிபெரிஸ். அதற்குமேல் கிரேக்கத்துக்குள் வேர் கிடையாது, அதுவும் கடன்தான். பாலி மொழியில் ஸிங்கிவேர. அதன் பின்பாதியில் இருப்பது நம் 'வேர்', முன்பாதி 'இஞ்சி'யின் பழைய வடிவம் என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.